தலையாட்டி

2013 ஜூன் மாதக் கடைசியில் ஓர் இரவு பழைய தோழர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். இருபது வருடங்களுக்கு முன் தென்கிழக்கு லண்டனில் இனவெறிக்கு எதிராக இயங்கிய ஒரு சின்னக் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். செய்தியைப் பார்த்த கையோடு எடுத்திருந்தார். கொலையுண்ட ஸ்டீபன் லோரன்ஸின் குடும்பத்துக்காகப் போராடியவர்களைப் பொலிஸார் உள்ளே புகுந்து வேவு பார்த்தார்கள் என்று, அந்த வேலையைச் செய்த பீட்டர் பிரான்சிஸ் என்ற முன்னாள் பொலிஸ்காரரே தன் பெயரையும் முகத்தையும் காட்டிச் சொல்லியிருந்தார்.

"மச்சான், பாத்தியா? அண்டைக்கு நீ சொன்னது சரியாப் போச்சு. எங்கட கூட்டத்துக்கையும் ஆள் இருந்திருக்கு."

நான் "ஓம்" என்றேன்.

அந்த "ஓம்" பொய். அன்று நான் உளவாளி என்று காட்டிய மனிதர் உளவாளி அல்ல. அது எனக்கு 1994 ஜனவரியிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் கழித்துப் பாராட்டு வந்தபோது அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

என் குற்றத்தின் கனம் விளங்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்ச் சொல் ஒன்று தெரிய வேண்டும். தலையாட்டி. 1984-இல் வடமராட்சியில் எங்கள் ஊரை ஒரு விடியற்காலையில் இராணுவம் சுற்றி வளைத்தது. இளவட்டங்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்து வரிசையில் விட்டார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் ஒருவர் இருந்தார். தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கு. கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லொறியில் ஏற வேண்டும். லொறி ஏறியவர்கள் காலியிலுள்ள பூசா முகாமில் இருப்பதாகச் சில மாதம் கழித்து யாராவது வந்து சொல்வார்கள். சொல்லாமலே போனவர்களும் உண்டு.

நான் நின்றபோது சாக்கு அசையவில்லை. எனக்கு அடுத்து நின்றவனுக்கு அசைந்தது. அவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எந்த இயக்கத்துப் பக்கமும் தலைவைத்துப் படுக்காதவன். அவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "ஐயா, நான் என்ன செய்தனான்?" சாக்குக்குள் இருந்தவரிடம்தான் கேட்டான். சாக்கு பேசாது. அதற்குத் தலையை ஆட்ட மட்டும்தான் தெரியும்.

மறுபக்கம் எங்கள் இயக்கப் பிள்ளைகளே சிலரைத் துரோகி என்று மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். அதையும் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். காட்டிக்கொடுப்பவன் என்ற ஒரு சொல் ஒருவரை என்ன செய்யும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. இவ்வளவும் தெரிந்த ஒருவன்தான், அந்தச் சாக்கு இல்லாமலே, பட்டப்பகல் போன்ற குழல்விளக்கு வெளிச்சத்தில் தலையை ஆட்டினேன்.

*

நான் லண்டனுக்கு வந்தது 1986-இல். இரவில் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. கண்ணாடிக்குள் இருந்து காசு வாங்குகிற வேலை என்பதால் துப்பலும் வசையும் கண்ணாடியோடு போய்விடும். வெளியே வந்தால் கண்ணாடி இல்லை. 1991 பெப்ரவரியில் தேம்ஸ்மீட்டில் ரோலன் அடம்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பையனைக் குத்திக் கொன்றார்கள். 1992-இன் தொடக்கத்தில் கிழக்கு லண்டன் நியூஹாமில், இனவெறிக் கும்பல் ஒன்றின் தாக்குதலில் சகிதரன் என்ற எங்கள் ஈழத்துப் பிள்ளை உயிரிழந்தார். குண்டுக்குத் தப்பி வந்தவருக்கு லண்டன் வீதியில் சாவு. அதே வருடம் எல்தமில் ரோகித் துக்கல் என்ற ஆசியப் பையன். 1993 ஏப்ரல் 22 இரவு, அதே எல்தமில், வெல் ஹோல் வீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற பதினெட்டு வயது ஸ்டீபன் லோரன்ஸ்.

ஸ்டீபன் இறந்த பிறகுதான் நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர் இருப்போம். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த, ஓய்வு பெற்ற தாதி ஒருவர் தலைவி. பஞ்சாபிப் பொருளாளர், சில வெள்ளைக்கார மாணவர்கள், மரவேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரர், என்னைத் தொலைபேசியில் அழைத்தார் என்று சொன்னேனே அந்தத் தமிழ்த் தோழர், நான். தேவாலயம் ஒன்றின் பின்பக்க மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடுவோம். தாக்கப்பட்ட குடும்பங்களோடு பொலிஸ் நிலையத்துக்குப் போவோம், சட்டத்தரணி பிடித்துக் கொடுப்போம், துண்டுப் பிரசுரம் கொடுப்போம். வெல்லிங்கில் இருந்த, பிஎன்பி என்ற இனவெறிக் கட்சியின் புத்தகக்கடையை மூட வேண்டும் என்பது எங்கள் வட்டாரத்தின் பெரிய கோரிக்கை. செப்டம்பரில் அந்தக் கட்சி மில்வோலில் ஒரு கவுன்சிலர் இடத்தை வென்றபோது எங்கள் எல்லோர் வயிற்றிலும் நெருப்பு.

நான் உளவாளி என்று காட்டிய அந்த மனிதர் வந்தது அந்தக் கோடையில்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நாட்டிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோழி பொரிக்கிற கடையில் வேலை. அதிகம் பேசமாட்டார். கூட்டம் நடக்கும்போது ஒரு நீலக் கொப்பியில் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார். எழுத்து அவ்வளவு அழகு. அப்போது எங்களிடம் தமிழ் அச்சு வசதி கிடையாது. தமிழ்த் துண்டுப் பிரசுரங்களை அவர் கையால் எழுதிக் கொடுப்பார், பிரதியெடுத்துக் கடைகளில் வைப்போம். அதுவரை எங்கள் கூட்டங்களுக்கு எட்டிப் பார்க்காத தமிழ்க் குடும்பங்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்து வரத் தொடங்கின. "யார் இந்த எழுத்து?" என்று கேட்டார்கள். அதுவரை அந்தக் குழுவில் தமிழர்களின் குரல் என்றால் அது நான்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. இதுவும் ஒப்புதல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்ல நாக்கூசுகிறது, சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலத்துக்குப் பொருளில்லை. அவர் வந்த முதல் நாளே நான் கேட்டேன்.

"தம்பி எந்த ஊர்?"

சொன்னார்.

"அங்கை எந்தப் பக்கம்?"

ஊரைக் கேட்பது பழக்கம். பக்கத்தைக் கேட்பது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அவருடைய சாதி என்ன என்று நான் தெரிந்துகொண்டேன். தோலின் நிறத்தால் மனிதரைத் தரம் பிரிக்காதே என்று எழுதிய பதாகைக்குக் கீழே நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அன்றிலிருந்து அவரை நம்பாமல் இருப்பது எனக்கு மிகச் சுலபமாக இருந்தது.

*

ஆகஸ்ட் மாதம் இரண்டு தடவை, நாங்கள் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போன இடத்தில் எங்களுக்கு முன்பே பொலிஸ் வான் நின்றது. ஒரு மண்டபக்காரர் வாடகைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் மறுத்தார். உள்ளே இருந்து யாரோ சொல்கிறார்கள் என்ற பேச்சு தேநீர் போடுகிற இடத்தில் மெல்லத் தொடங்கியது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் படியில் அவர் இறங்கி வந்தார். கையில் ஒரு காகிதம். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை எங்கை தம்பி போனனீர்?"

"ஒரு இடமும் இல்லை அண்ணை. வேலை."

பொய் சொன்னார். எனக்கு அது போதும். பொலிஸ் நிலையம், நீலக் கொப்பி, பேசாத குணம், நான் கேட்டறிந்த அந்தப் "பக்கம்". எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினேன்.

அடுத்த வாரம் கூட்டத்துக்கு முன் மண்டபத்தின் சமையலறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். சுடுதண்ணீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. பொருளாளர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கேட்டார், யார் என்று உனக்குத் தெரியுமா என்று. நான் கதவு இடுக்கால் மண்டபத்தைப் பார்த்தேன். அவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பொருளாளர் என் பார்வை போன திசையைப் பார்த்தார். "அவரா?"

நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொலிஸ் நிலையத்தில் பார்த்தேன் என்பதைக்கூடப் பிறகுதான் சொன்னேன். சொல்லியிருந்தால் பொருளாளர் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருப்பார். தலையாட்டலுக்குக் கேள்வி கிடையாது. அதை நான் நன்றாகவே படித்திருந்தேன்.

அதற்கடுத்த கூட்டத்தில் ஒக்டோபர் 16 வெல்லிங் ஊர்வலத்துக்கான ஏற்பாடுகளைப் பேச வேண்டியிருந்தது. அவருக்கு நானே தொலைபேசி எடுத்து, இந்தச் செவ்வாய் கூட்டம் இல்லை, அடுத்த வாரம்தான் என்று சொன்னேன். "சரி அண்ணை" என்றார்.

கூட்டம் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். வெளியே மழை. கதவு திறந்தது. அவர்தான். ஊர்வலத்துக்கான தமிழ்ப் பிரசுரத்தை எழுதி முடித்துவிட்டார். மண்டபத்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நனையாமல் இருக்கக் காகிதத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தலைவிக்கு என் ஏற்பாடு எதுவும் தெரியாது. "தாமதமாகிவிட்டதே, வந்து இரு" என்று கதிரையைக் காட்டினார். அவர் இருக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணை, கூட்டம் இல்லையெண்டெல்லே சொன்னனீங்கள்?"

நான் மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்த பொருளாளர் தன் குறிப்பேட்டை மூடினார். மூடிய அந்தச் சத்தத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து மேசை நுனியில் வைத்தார். ஈரம் படாமல் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். போய்விட்டார். பிறகு வரவே இல்லை.

தலைவி என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். ஆதாரம் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் 1970-களிலிருந்து இந்த நாட்டில் போராட்டங்களில் நின்றவர். இப்படி ஒருவரையொருவர் சந்தேகித்தே உடைந்துபோன இரண்டு குழுக்களைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். "அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போ. போய், பொலிஸ் நிலையத்தில் என்ன வேலை என்று முகத்துக்கு நேரே கேள். கேட்டுவிட்டு இங்கே கூட்டிவா" என்றார். நான் தலையை ஆட்டினேன். போகவில்லை.

அவருடைய பிரசுரத்தைப் பிரதியெடுக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். ஒக்டோபர் 16 அன்று பல்லாயிரம் பேர் வெல்லிங்கில் திரண்டார்கள். பொலிஸார் குதிரைகளோடு வழியை மறித்தார்கள். தடியடியில் பலருக்கு மண்டை உடைந்தது. அந்தக் கோடையில் எங்கள் கூட்டங்களுக்கு வரத் தொடங்கிய தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைக்கூட அன்று நான் காணவில்லை. அவர்களைக் கூப்பிட்டு ஒரு காகிதமும் போகவில்லையே.

*

1994 ஜனவரியில் மண்டபத்து அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். பழைய பிரசுரங்கள் போட்டு வைத்த அட்டைப்பெட்டிக்கு அடியில், மார்க்கர் பேனைகளோடு அந்த நீலக் கொப்பி கிடந்தது. அது கையில் பட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் பெயர்கள், முகவரிகள், யார் என்ன பேசினார் என்ற விவரம் எல்லாம் இருக்கும் என்று தரையில் இருந்து திறந்தேன்.

சொற்கள். பக்கம் பக்கமாகச் சொற்கள். கூட்டத்தில் காதில் விழுந்த ஆங்கிலச் சொல் இடப்பக்கம், பொருள் வலப்பக்கம்.

"பிக்கெட் – கடை வாசலில் நின்று மறிப்பது. மினிட்ஸ் – நிமிடம் இல்லை. கூட்டத்தில் பேசினதை எழுதி வைப்பது. எனி அதர் பிஸ்னஸ் – வியாபாரம் இல்லை. கடைசியாகப் பேச மிச்சம் இருக்கிறது. ஸ்டுவர்ட் – ஊர்வலத்தில் சனத்துக்கு ஒன்றும் நடக்காமல் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவர்." அந்தக் கடைசிச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, "தலைவியிடம் கேட்க வேண்டும், நான் நிற்கலாமோ" என்று எழுதியிருந்தார்.

பின்னட்டையின் உட்பக்கத்தில் திகதிகள். எல்லாம் வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரி அடையாளம். மேலே ஒரே ஒரு சொல்: கையெழுத்து.

அகதியாக வந்த தமிழருக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. அன்று வழக்கு முடியும் வரை தற்காலிக அனுமதியில் இருந்தவர் குறித்த நாளில் பொலிஸ் நிலையத்துக்கோ குடிவரவு அலுவலகத்துக்கோ போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒரு நாள் தவறினாலும் பிடித்து உள்ளே போடலாம் என்றிருந்தது. என் சொந்த மச்சான் 1987-இல் ஒரு வருடம் அப்படிப் போட்டவன். மழையில் அவனோடு துணைக்குப் போனவன் நான். அந்தக் காகிதம், படியில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிற அந்தப் பார்வை, எல்லாம் எனக்குத் தெரிந்தவை. வழக்கு இழுபறியில் இருப்பதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டிருப்பார். சொன்னால், ஊர்வலத்துக்கு வராதே, பிடிபட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் தடுப்போம் என்று பயந்திருப்பார். எங்கள் பன்னிரண்டு பேரிலும் அதிகமாக இழக்க இருந்தவர் அவர்தான். அவர்தான் முன்னால் நிற்க இடம் கேட்க இருந்தார்.

அன்றே நான் செய்திருக்க வேண்டியது வெகு சுலபம். கொப்பியைக் கொண்டுபோய்த் தலைவியின் கையில் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று, நான் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கோழிக்கடைக்குப் போய் அவர் முன்னால் நின்றிருக்க வேண்டும். கொப்பியை என் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உடுப்புப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று அந்த வருடம் போனது. அதற்கிடையில் குழுவே கலைந்தது. பிறகு, இனிச் சொல்லி என்ன என்றாகிவிட்டது. சந்தேகித்தது பயத்தில் நடந்தது என்று சொல்லலாம். மறைத்ததற்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. என் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவர் பெயரைச் சேற்றிலேயே கிடக்க விட்டேன்.

*

பிறகு வெளிவந்தவை உலகம் அறிந்தவை. வியட்நாம் போருக்கு எதிராக லண்டன் குரோவ்னர் சதுக்கத்தில் நடந்த பெரும் ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு, 1968-இல் லண்டன் மாநகரப் பொலிஸ் தொடங்கிய இரகசியப் பிரிவு 2008 வரை, நாற்பது வருடம் இயங்கியிருக்கிறது. அதன் ஆட்கள் இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டு, வருடக்கணக்காகப் போராட்டக் குழுக்களுக்குள் வாழ்ந்திருக்கிறார்கள். பெண்களோடு பொய்ப் பெயரில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் வேவு பார்க்கப்பட்டன. 1979-இல் சவுத்தோலில் இனவெறிக்கு எதிரான போராட்டத்தில் அடிபட்டு இறந்த ஆசிரியர் பிளேர் பீச்சின் இறுதிச்சடங்குக்குக்கூட உளவாளிகள் போயிருக்கிறார்கள். நீதி கேட்டு நின்ற பதினெட்டுக் குடும்பங்களின் விவரங்கள் அந்தப் பிரிவின் கோப்புகளில் இருந்ததாக 2014-இல் பொலிஸாரின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

அதே 2014 மார்ச்சில் வெளியான மார்க் எலிசனின் அறிக்கை, லோரன்ஸ் குடும்பத்துக்கு நெருக்கமான வட்டத்துக்குள் ஓர் உளவாளி இருந்ததை உறுதிப்படுத்தியது. 1998 ஆகஸ்டில், ஸ்டீபன் கொலை பற்றிய மக்பர்சன் விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, அந்த உளவாளியும் பொலிஸ் தரப்பு வாதத்தைத் தயாரித்த குழுவின் அதிகாரி ஒருவரும் சந்தித்திருக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த டோரீனும் நெவிலும் கொலைகாரர்களைத் தேடச் சொன்னார்கள். கொலைகாரர்களில் இருவரைத் தண்டிக்க 2012 ஜனவரி வரை, பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆனது. அழுதவர்களுக்கு ஆதரவாக நின்றவர்களைத் தேடுவதற்குப் பொலிஸாரிடம் ஆளும் இருந்தது, நேரமும் இருந்தது. இந்த உளவைப் பற்றிய பொது விசாரணை 2015-இல் அமைந்தது. 2023 ஜூனில் வந்த அதன் இடைக்கால அறிக்கை, இந்தப் பிரிவின் வழிமுறைகள் அன்றே வெளியில் தெரிந்திருந்தால் அது விரைவிலேயே மூடப்பட்டிருக்கும் என்று சொல்கிறது.

இவற்றையெல்லாம் நான் ஒன்று விடாமல் படித்தேன். பொலிஸ் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கூட்டங்களுக்குப் போய்க் கை தட்டினேன். படிக்கப் படிக்க, என் மனத்தின் ஒரு மூலை, பார், சந்தேகப்பட்டது நியாயம்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அடக்கியது அமெரிக்கக் கதை ஒன்று. 1967 ஆகஸ்டில் எஃப்பிஐ கறுப்பின இயக்கங்களை உடைக்க ஒரு இரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. உளவாளியை உள்ளே அனுப்புவது அதில் ஒரு வேலை. உண்மையாகப் போராடுபவரை உளவாளி என்று மற்றவர்களை நம்பவைப்பது இன்னொரு வேலை. 1968-இல் கறுப்பினப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் சிஐஏயின் ஆள் என்று வதந்தி பரப்ப அவர்கள் எழுதி வைத்த திட்டம் பிறகு வெளிவந்தது. அதற்குக் காசு, ஆள், போலிக் காகிதம் எல்லாம் செலவழித்தார்கள். எங்கள் குழுவில் ஒரு செலவும் தேவைப்படவில்லை. அந்த வேலையை நான் இலவசமாகவே செய்து கொடுத்தேன்.

எங்கள் குழுவில் உண்மையில் உளவாளி இருந்தாரா? அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். அந்தப் பிரிவின் ஆட்கள் பலர் வான் வைத்திருந்தார்கள், எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், அவர்கள் வீட்டுக்கு யாரும் போனதில்லை என்று சாட்சியங்களில் வந்தபோது, எங்கள் மரவேலைக்காரரின் வெள்ளை வான் என் நினைவில் வந்தது. அவர் மேல் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. வான் வைத்திருந்தார் என்பதற்காக ஒருவரைச் சுட்டினால் மறுபடியும் தலையை ஆட்டியவனாவேன். நான் என்னைக் கேட்கிற கேள்வி வேறு. யாரோ ஒருவரைச் சந்தேகித்தே ஆகவேண்டும் என்றிருந்தபோது, அந்த வெள்ளைக்கார நண்பரின் பெயர் ஏன் ஒரு தடவைகூட என் மனத்தில் வரவில்லை? அவருடைய ஊரையோ பக்கத்தையோ நான் ஏன் கேட்கவில்லை? என் நம்பிக்கை வெள்ளைத் தோலைக் கண்டதும் தானாக எழுந்து நின்றது. என் சந்தேகம், என் நிறத்தில், என் மொழியில், நான் கீழே என்று பழக்கப்பட்ட இடத்திலிருந்து வந்தவரைத் தேடிப் போனது. எந்த நோய்க்கு எதிராகப் பதாகை பிடித்தேனோ அந்த நோய் என் கையிலும் இருந்தது. அதைப் பொலிஸ் எனக்குள் கொண்டுவந்து வைக்கவில்லை. ஊரிலிருந்து நானே கொண்டுவந்தது.

*

இரண்டு வருடங்களுக்கு முன் தலைவி காலமானார். மரண வீட்டில் பழைய குழுவில் ஆறு பேர் இருந்தோம். சாப்பாட்டு மேசையில் பழைய கதைகளோடு அந்தக் கதையும் வந்தது. "அந்த ஸ்பை பெடியன்" என்று யாரோ சொன்னார். அவருக்கு அந்தக் குழுவில் மிஞ்சியிருந்த பெயர் அதுதான். நான் எழுந்து, அவர் உளவாளி இல்லை என்று சொன்னேன். கொப்பியைப் பற்றிச் சொன்னேன். எப்போது தெரியும் என்று பொருளாளர் கேட்டார். 1994 என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. 2013-இல் தொலைபேசி எடுத்த தோழர், "ஏன் மச்சான் என்னட்டைக்கூடச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். தலைவி உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கலாம். அவர் கேட்டதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு கேள்வி கேள் என்பதுதான்.

அவரைத் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் சனத்தில் ஒருவரைத் தேட இரண்டு கல்யாண வீடு போதும். லண்டனில் வழக்கு நிராகரிக்கப்பட்டு, கனடாவுக்குப் போய், ரொறன்ரோவில் குடும்பமாக இருக்கிறார் என்று தெரிந்தது. முகவரியும் கிடைத்தது. தொலைபேசி இலக்கமும் கிடைத்தது. தொலைபேசி எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். நடந்ததைத் திகதியோடு எழுதினேன். தலையை ஆட்டினேன் என்பதை எழுதினேன். அந்த முதல் நாள் நான் கேட்ட "எந்தப் பக்கம்" என்ற கேள்வியையும் எழுதினேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதவில்லை. கேட்டால் அவருக்கு இன்னொரு வேலை கொடுத்ததாகிவிடும். இதை என் பெயரோடு ஊரறிய எழுதப் போகிறேன், உங்கள் பெயர் எங்கும் வராது என்று எழுதினேன்.

நீலக் கொப்பியையும், அவர் எழுதி நாங்கள் பிரதியெடுக்காமல் விட்ட அந்தப் பிரசுரத்தையும் கடிதத்தோடு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரசுரத்தின் மை இன்னும் மங்கவில்லை.

பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. மூன்று வாரம் கழித்து, பொதி கொடுக்கப்பட்டதற்கான அத்தாட்சி மட்டும் வந்தது. அதில், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், அந்த அழகான தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.